ஊரார் பிள்ளையைப் போருக்கு அனுப்பினால்

கடன் கேட்கப் போய் அடி வாங்கி வந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கடன் கேட்ட குற்றத்துக்காக ஒரு நாட்டையே பறிகொடுத்தவர் அல்ஜியர்ஸை ஆண்ட உசேன் தே.

1790-களில், புரட்சி செய்த களைப்பில் பசியோடு கிடந்த பிரான்ஸ், அல்ஜியர்ஸ் வியாபாரிகளிடம் கப்பல் கப்பலாகக் கோதுமை வாங்கித் தின்றது. கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னது. எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நெப்போலியன் வந்தார், போனார். விரட்டியடித்த ராஜ வம்சம் திரும்பி வந்தது. கோதுமைப் பணம் மட்டும் வந்தபாடில்லை. 1827 ஏப்ரலில் பிரெஞ்சுத் தூதர் பியர் தெவாலைப் பிடித்து, "உங்கள் ராஜாவுக்குக் கடுதாசி போட்டேனே, ஏன் பதிலே இல்லை?" என்று கேட்டார் உசேன். உம்மைப் போன்ற ஆளுக்கெல்லாம் எங்கள் ராஜா பதில் எழுதுவாரா என்ற தோரணையில் தெவால் ஏதோ சொல்லிவைக்க, உசேன் கையிலிருந்த ஈ ஓட்டும் விசிறியால் அவரை ஒரு போடு போட்டார்.

பிரான்சின் மானம் போய்விட்டது. முப்பது வருடம் கடனை இழுத்தடித்ததில் போகாத மானம், ஒரு விசிறி பட்டதும் போய்விட்டது.

மூன்று வருடம் கடலை மறித்துப் பார்த்தார்கள். அந்தச் சமயம் பத்தாம் சார்லஸ் என்ற ராஜாவுக்கு உள்ளூரில் ஏகப்பட்ட கெட்ட பெயர். வெளியூரில் ஒரு சண்டை போட்டு ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லா ராஜாக்களுக்கும் தோன்றுவது அவருக்கும் தோன்றியது. 1830 ஜூன் மாதம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை அனுப்பினார். ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் விழுந்தது. அதே ஜூலை மாதக் கடைசியில் பாரிஸ் ஜனங்கள் பத்தாம் சார்லஸைப் பெட்டி படுக்கையோடு துரத்திவிட்டார்கள். ஜெயித்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக்கூட மனுஷருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்து வந்த லூயி பிலிப்புக்கு இரண்டு தலைவலிகள். ஒன்று, யாரோ ஜெயித்துத் தன் தலையில் கட்டிய அல்ஜீரியா. இன்னொன்று, பாரிஸ் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள். அந்தச் சமயம் பெல்ஜியம், போலந்து, இத்தாலி என்று ஐரோப்பா முழுக்கக் கலகம். அங்கெல்லாம் தோற்றவர்களும் ஓடிவந்தவர்களும் பிரான்சில் வந்து குவிந்தார்கள். பழைய ராஜாவிடம் கூலிக்குக் காவல் காத்த சுவிஸ் பட்டாளத்தை வேறு புது அரசு கலைத்துவிட்டது. துப்பாக்கி சுடத் தெரியும், வேலை கிடையாது, வயிறு காய்கிறது, கையில் புரட்சித் துண்டுப் பிரசுரம். எந்த அரசுக்குத்தான் தூக்கம் வரும்?

போர் அமைச்சர் மார்ஷல் சூல், நெப்போலியன் காலத்து ஆசாமி. ஒரு தலைவலியை இன்னொரு தலைவலியோடு முட்டவிட்டார். 1831 மார்ச் 10 அன்று அரசாணை வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமே ஒரு படை, பெயர் அந்நியர் லீஜன். பிரான்ஸ் மண்ணுக்குள் இந்தப் படையைப் பயன்படுத்தக் கூடாது, கடல் தாண்டித்தான் வேலை. வயது 18 முதல் 40. பிறப்புச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால்? ஆள் சேர்க்கும் அதிகாரி பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அதிகாரி பார்த்தார். வந்தவனுக்குக் கை கால் இருந்தது. முடிவு செய்துவிட்டார். பெயர் என்ன என்று கேட்டதற்கு வந்தவன் சொன்னதுதான் பெயர்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம்மூர்ப் பழமொழி. சூல் அதில் இரண்டு சொற்களை மாற்றினார். ஊரார் பிள்ளையைப் போருக்கு அனுப்பினால் தன் பிள்ளை தானே வளரும்.

பிரெஞ்சு லீஜனைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் வீரம், தியாகம், பாலைவனம், காதல் தோல்வி என்றுதான் முதலில் கதை சொல்வார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. இது தொலைத்துக்கட்டுவதற்காகவே ஆரம்பித்த படை. பிரெஞ்சு அரசு அதைத் திரும்பத் திரும்பத் தொலைக்கப் பார்த்தது. தானம் கொடுத்துப் பார்த்தது, கொசுக்கடியில் போட்டுப் பார்த்தது, கலைத்துப் பார்த்தது. ஆனாலும் அது தொலையவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அதற்காகப் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் ஆட்களை மொழிவாரியாகப் பிரித்தார்கள். சுவிஸ்காரர்களும் ஜெர்மன்காரர்களும் ஒரு பக்கம், ஸ்பானியர்கள் ஒரு பக்கம், இத்தாலியர்கள், பெல்ஜியர்கள், போலந்துக்காரர்கள் என்று தனித்தனிப் பட்டாலியன். சமையலுக்குச் சௌகரியம். ஆனால் பக்கத்துப் பட்டாலியனைப் பார்த்தால் எதிரியைப் பார்த்ததைவிட அதிகமாக ரத்தம் கொதித்தது. அல்ஜீரியாவில் அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான ஆயுதம் மண்வெட்டி. சதுப்பு நிலத்தை வற்றவைத்தார்கள், ரோடு போட்டார்கள், மலேரியாவில் செத்தார்கள். ரோடு மட்டும் நன்றாக வந்தது.

1835-ல் முதல் தானம். ஸ்பெயினில் அப்போது தாயாதிச் சண்டை. குட்டி ராணி இரண்டாம் இசபெல்லாவுக்கு எதிராக அவள் சித்தப்பா கார்லோஸ் கொடி தூக்கியிருந்தார். இசபெல்லாவின் அம்மா பிரான்சிடம் உதவி கேட்டாள். உதவி செய்யவும் வேண்டும், பிரெஞ்சுப் பிள்ளைகள் சாகவும் கூடாது. லூயி பிலிப்புக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. லீஜனை அப்படியே தூக்கி ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டார். இரவல் இல்லை, சாசுவதமாகவே. போலந்திலிருந்து தப்பி வந்து, பிரான்சில் கையெழுத்துப் போட்டு, ஆப்பிரிக்காவில் ரோடு போட்டுக்கொண்டிருந்தவனை ஒரு நாள் காலை எழுப்பி, "இன்று முதல் நீ ஸ்பெயின்காரனுடைய சிப்பாய்" என்றார்கள்.

ஆகஸ்டில் தரகோனா துறைமுகத்தில் சுமார் 4,000 பேர் இறங்கினார்கள். தளபதி பெர்னெல் ஒரு நல்ல காரியம் செய்தார். மொழிவாரிப் பட்டாலியன்களைக் கலைத்து எல்லோரையும் கலந்துவிட்டார். சேர்ந்து பட்டினி கிடப்பதற்கு அது வசதியாக இருந்தது. ஏனென்றால் ஸ்பெயின் சம்பளம் கொடுக்கவில்லை. பிரான்சைக் கேட்டால் "நீங்கள் இப்போது ஸ்பெயின் ஆட்கள் ஆயிற்றே" என்றது. ஸ்பெயினைக் கேட்டால் "உங்களை அனுப்பியவன் பிரான்ஸ்காரன் ஆயிற்றே" என்றது. துணி கிழிந்தது, செருப்பு தேய்ந்தது, மாதக்கணக்கில் காசு இல்லை. பொறுக்க முடியாமல் பலர் எதிர்ப்பக்கம் தாவினார்கள். கார்லோஸ் கட்சியும் அவர்களை வைத்து ஓர் அந்நியர் பட்டாலியன் கட்டிக்கொண்டது.

1837 ஜூன் 2 அன்று பார்பாஸ்ட்ரோவில் இரண்டும் நேருக்கு நேர் வந்தன. இந்தப் பக்கம் லீஜன், அந்தப் பக்கமும் முன்னாள் லீஜன். நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஜெர்மன் மொழியில் சுகம் விசாரித்துவிட்டுச் சுட்டுக்கொண்டார்கள். கர்னல் கொன்ராட் அங்கேயே செத்தார். யார் நாட்டுச் சண்டை, யார் வீட்டு ராணி, இவர்கள் யார்? லீஜனின் வரலாற்றில் இவ்வளவு முட்டாள்தனமான நாள் வேறு இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் 1941-ல் அதையே இன்னொரு தரம் செய்தார்கள். அது அப்புறம்.

ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்தவர்கள் சுமார் 500 பேர். வந்து பார்த்தால், இவர்கள் புறப்பட்ட வருடமே, 1835 டிசம்பரில், பிரான்ஸ் இன்னொரு லீஜனை ஆரம்பித்திருந்தது. மூத்த பிள்ளையைத் தத்துக் கொடுத்த கையோடு அதே பெயரில் இன்னொன்று பெற்றுக்கொண்டாயிற்று.

புது லீஜனும் அல்ஜீரியாவுக்குத்தான் போனது. சிதி பெல் அபேஸ் என்ற இடத்தில் முகாம் போட்டு, முகாமைச் சுற்றி ஓர் ஊரையே கட்டியது. இதற்கு நடுவில் அது செய்த வேலைகள் சிரிக்கும்படியானவை அல்ல. ஜெனரல் புஜோவின் காலத்தில் பிரெஞ்சுப் படைகள் ஊர் ஊராகப் பயிரைக் கொளுத்தின, களஞ்சியத்தைக் காலி செய்தன, ஆடு மாடுகளை ஓட்டிப் போயின. லீஜனும் அதில் முன்னால் நின்றது. நாடில்லாதவர்களை வைத்து இன்னொருவர் நாட்டைப் பிடித்த கதை இது. பாலைவன நிலாவும் ஒட்டகமும் போட்டு எடுத்த படங்களில் அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக ஓடிவந்து சுடப்பட்டு விழுவதற்கு மட்டுமே வருவார்கள்.

கிரிமியப் போரை விட்டுவிடுகிறேன், அங்கே குளிரைத் தவிர சொல்வதற்கு அதிகமில்லை. 1859-ல் இத்தாலியின் மஜெந்தா ஊரில் ஆஸ்திரியர்களை விரட்டினார்கள். அந்தச் சமயம் சந்தைக்கு வந்திருந்த ஒரு புதுச் சாயத்துக்கு அந்தப் போரின் பெயரையே வைத்தார்கள். பிரிண்டரில் மை தீர்ந்துபோகும்போது ஒரு பெயர் வருமே, அதுதான். நம் ஜெராக்ஸ் கடைகளில் லீஜனுக்கு இருக்கும் ஒரே நினைவுச் சின்னம்.

இப்போது மெக்சிகோ. அல்ஜீரியாவில் பிரான்ஸ் கடன்பட்டிருந்தது, அதனால் படையெடுத்தது. மெக்சிகோ பிரான்சிடம் கடன்பட்டிருந்தது, அதனாலும் படையெடுத்தது. 1861-ல் அதிபர் ஹுவாரெஸ் "கஜானா காலி, இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதுதான் தாமதம், பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஒரு சாம்ராஜ்யம் தேவைப்பட்டுவிட்டது. 1863-ல் லீஜன் வெராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கியது.

மற்ற பிரெஞ்சுப் படைகள் மேட்டு நிலத்தில் காற்றாடப் புவெப்லா நகரத்தை முற்றுகை போட, லீஜனுக்குக் கிடைத்தது கடலோரத் தாழ்நிலம். அங்கே மஞ்சள் காய்ச்சல். மெக்சிகோக்காரன் சுடுவதற்கு முன்னால் கொசு சுட்டுவிடும். நோய் பிடித்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களைவிட அந்நியர்களை நிறுத்துவது தேவலை என்று தான் நினைத்ததை ஜெனரல் ஃபோரே ஒளிக்கவும் இல்லை. சம்பளப் பொன்னும் பீரங்கிகளும் ஏற்றிய வண்டிகள் புவெப்லாவுக்குப் போகும், அதற்குக் காவல். அவ்வளவுதான் வேலை.

ஏப்ரல் 30. வண்டி வருகிறது, வழியைப் பார்த்து வைக்க மூன்றாவது கம்பெனி போக வேண்டும். கம்பெனியில் எழுந்து நிற்கத் தெம்புள்ளவர்கள் 62 பேர். அதிகாரிகள் எல்லோரும் காய்ச்சலில். தலைமை அலுவலகத்திலிருந்து கேப்டன் டான்ஷூ "நான் போகிறேன்" என்று வந்தார், வேறு இரண்டு இளம் அதிகாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். டான்ஷூவுக்கு இடது கை மரம். 1853-ல் அல்ஜீரியாவில் வரைபடம் தயாரிக்கப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்துக் கை போய்விட்டது. கையுறை மாட்டியது போல வர்ணம் பூசிய மரக்கை ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டிருந்தார்.

நடுராத்திரி தாண்டிக் கிளம்பினார்கள். விடிந்து ஏழு மணிக்குப் பாலோ வெர்தே என்ற இடத்தில் நிறுத்தி, காபிக்குத் தண்ணீர் வைத்தார்கள். ராத்திரி முழுக்க நடந்தவனுக்கு அந்தத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று காபி குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொதிப்பதற்குள் காவல்காரன் கத்தினான். தூரத்தில் புழுதி. குதிரைப்படை. தண்ணீரைக் கொட்டினார்கள், அடுப்பை மிதித்தார்கள், நடந்து வந்த வழியே பின்வாங்கினார்கள். தண்ணீரும் உபரித் தோட்டாக்களும் சுமந்த கோவேறு கழுதைகள் துப்பாக்கிச் சத்தத்தில் கட்டறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. அன்றைக்கு அந்த இடத்தில் புத்தியோடு நடந்துகொண்டவை அவை மட்டும்தான்.

கமரோன் கிராமத்தில் ஒரு பாழடைந்த பண்ணை வீடு. உள்ளே புகுந்து கதவை அடைத்தார்கள். வெளியே மெக்சிகோ கர்னல் மிலானின் ஆட்கள், குதிரைப்படையும் காலாட்படையுமாகச் சுமார் 2,000 பேர். மிலான் மரியாதையாகச் சரணடையச் சொன்னார். டான்ஷூ மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், சாகும்வரை விடமாட்டோம் என்று ஆட்களிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். ஒரு பாட்டில் ஒயின் இருந்தது, ஆளுக்கு நாலு சொட்டு. காபிக்குப் பதில் அது. மத்தியானத்துக்குள் டான்ஷூ செத்தார். இரண்டு மணிக்கு அடுத்த அதிகாரி. வெயில், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை, வைக்கோலைக் கொளுத்தியதில் புகை. மாலை ஆறு மணிக்கு மிஞ்சியது லெப்டினன்ட் மோதேயும் ஐந்து பேரும், ஆளுக்கு ஒரு தோட்டா. சுட்டார்கள். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு ஆறு பேரும் ஆயிரக்கணக்கான பேர் மேல் பாய்ந்தார்கள்.

கத்தோ என்ற சிப்பாய் அதிகாரியை மறைத்து நின்று உடம்பெல்லாம் குண்டு வாங்கி விழுந்தான். நின்றது மூன்று பேர். சரணடையச் சொன்னால், கார்ப்பரல் மேன் பேரம் பேசினான். துப்பாக்கியைக் கொடுக்க மாட்டோம், அடிபட்ட அதிகாரிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், சம்மதமா? பிரெஞ்சு தெரிந்த ஒரு மெக்சிகோ அதிகாரி, உங்களைப் போன்றவர்களுக்கு எதையும் மறுக்க முடியாது என்று சம்மதித்தார். மூவரையும் பார்த்த மிலான், இவ்வளவு பேர்தான் மிச்சமா, இதுகள் மனுஷர்கள் இல்லை, பிசாசுகள் என்றாராம்.

வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மறு மாதம் புவெப்லாவும் விழுந்தது. நாலு வருடத்தில் மெக்சிகோவை விட்டே பிரான்ஸ் ஓடியது. ஆனால் லீஜனுக்குச் சாமி கிடைத்துவிட்டது. டான்ஷூவின் மரக்கையை 1865-ல் ஓர் ஆஸ்திரிய அதிகாரி ஒரு பண்ணைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கி மீட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு ஏப்ரல் 30-லும் கண்ணாடிப் பேழையில் வைத்து ஊர்வலம். அன்று காலையில் அதிகாரிகள்தான் சிப்பாய்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உலகத்தில் மற்ற படைகள் எல்லாம் ஜெயித்த நாளைக் கொண்டாடும். இவர்கள் தோற்ற நாளைக் கொண்டாடுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், அன்றைக்கு மாலையில் எக்கச்சக்கமாகக் குடிக்கவும் செய்கிறார்கள்.

இந்த வீரத்துக்கு அரசு கொடுத்த பரிசு என்ன? இரண்டாவது தானம். 1864-ல் மிராமார் ஒப்பந்தம். மெக்சிகோவுக்குச் சக்கரவர்த்தியாக மூன்றாம் நெப்போலியன் இறக்குமதி செய்த ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்கு எழுதிக் கொடுத்தார்கள்: மற்ற பிரெஞ்சுப் படைகள் திரும்பிய பிறகும் லீஜனின் 8,000 பேர் ஆறு வருடம் உங்களோடு இருப்பார்கள். கடைசியில் அமெரிக்கா முறைத்ததும் அந்த வாக்கையும் விழுங்கிவிட்டு லீஜனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 1867 ஜூனில் மாக்சிமிலியனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். லீஜன் சரித்திரத்தில் பிரான்ஸ் வாக்குத் தவறியதால் லீஜனுக்கு லாபம் வந்த ஒரே சந்தர்ப்பம் இது.

1870-ல் ஜெர்மன்காரன் பிரான்சுக்குள்ளேயே வந்துவிட்டான். பிரான்ஸ் மண்ணில் இந்தப் படையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததே? இருந்தது. லீஜனில் பாதிக்குப் பாதி ஜெர்மன்காரர்கள் என்ற சங்கடமும் இருந்தது. அவர்களை அல்ஜீரியாவிலேயே விட்டுவிட்டு மற்றவர்களைக் கப்பலேற்றினார்கள். அந்தக் காலத்தில் லீஜனின் சீருடை போட்டுச் சண்டை போட்ட ஒரு செர்பிய வாலிபர் 33 வருடம் கழித்து முதலாம் பீட்டர் என்று செர்பியாவுக்கு ராஜாவானார். பெல்ஜியர்களையும் அந்தச் சமயம் பின்னால் நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் ராஜா நடுநிலைமை பேசினார், அதனால் என்று சொல்வார்கள். மற்றவர்களுக்கு வந்ததே கோபம்! லீஜனின் அணிவகுப்புப் பாட்டு பன்றி ரத்தம் அடைத்த குடல் பண்டத்தைப் பற்றியது. தேசம், தெய்வம், தாய் எதுவும் கிடையாது, பண்டம்தான். அந்தப் பாட்டில் அது யார் யாருக்கு உண்டு என்று ஒரு பட்டியல் வரும். பெல்ஜியர்களுக்குக் கிடையாது, அவர்கள் சோம்பேறிகள் என்று வெளிப்படையாகவே வரும். இன்றுவரை அந்த வரியை யாரும் திருத்தவில்லை.

ஓடிப்போகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1908-ல் காசாபிளாங்காவில் ஆறு பேர் ஓடினார்கள். அங்கிருந்த ஜெர்மன் தூதரகம், பாவம் நம் பிள்ளைகள் என்று கப்பலேற்றிவிடக் கிளம்பியது. துறைமுகத்தில் பிரெஞ்சு சிப்பாய்கள் பாய்ந்து பிடிக்க, தூதரக ஆளுக்கும் இவர்களுக்கும் கைகலப்பு. பார்த்தால் ஆறில் மூன்று பேர்தான் ஜெர்மன்காரர்கள். ஆறு ஓடுகாலிகளுக்காக இரண்டு வல்லரசுகள் மீசையை முறுக்கி, விவகாரம் ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. 1909-ல் தீர்ப்பு: ஜெர்மன் அல்லாதவர்களை ஏற்றப் பார்த்தது தூதரகத்தின் தப்பு, தூதரக ஆளிடம் துப்பாக்கியை நீட்டியது பிரான்சின் தப்பு. நம் பஞ்சாயத்துத் தலைவர்கள் அரச மரத்தடியில் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

லீஜனுக்கு ஓடிவந்தவர்களில் எழுத்தாளர் கும்பல் ஒன்று உண்டு. 1913-ல் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சேர்ந்த எர்ன்ஸ்ட் யுங்கரை அப்பா தலையிட்டு மீட்டுக்கொண்டு போனார். மறு வருடமே பையன் ஜெர்மன் படையில் சேர்ந்து பிரான்சைச் சுட ஆரம்பித்தான். சுவிஸ் கவிஞர் பிளேஸ் சாந்த்ரார் 1915-ல் வலது கையை இழந்து, மிச்ச வாழ்நாள் பூராவும் இடது கையால் எழுதித் தள்ளினார். ஆர்தர் கேஸ்ட்லர் 1940-ல் ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பிக்க "ஆல்பர் துபேர், சுவிட்சர்லாந்து டாக்ஸி டிரைவர்" என்று பொய் சொல்லிச் சேர்ந்து, சேர்ந்த வேகத்தில் நழுவி இங்கிலாந்து போனார்.

காதலில் தோற்றவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற பெயரை லீஜனுக்கு வாங்கிக் கொடுத்ததில் பி.சி. ரென் எழுதிய 'போ ஜெஸ்ட்' நாவலுக்குப் பெரிய பங்கு. 1924-ல் வந்தது. ரென் வேலை பார்த்தது கராச்சியிலும் பம்பாயிலும், கல்வித்துறை அதிகாரியாக. வாத்தியார்களின் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்தவர் ஒருவருக்குப் பாலைவனக் கோட்டை கனவில் வந்ததில் ஆச்சரியமில்லை. லாரலும் ஹார்டியும் 1931-ல் ஒரு படம் எடுத்தார்கள். காதலியை மறக்க ஹார்டி லீஜனில் சேர்கிறார். போய்ப் பார்த்தால் கோட்டை முழுக்க உள்ளவர்கள் அதே பெண்ணை மறக்க வந்தவர்கள், ஒவ்வொருவனிடமும் அதே போட்டோ. எனக்குத் தெரிந்து லீஜனைப் பற்றிய நியாயமான படம் அது ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சே இரண்டாகப் பிளந்தபோது லீஜனும் பிளந்தது. 1941-ல் சிரியாவில், ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெகோலின் லீஜனும் ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசின் லீஜனும் மோதிக்கொண்டன. பார்பாஸ்ட்ரோவின் மறுபதிப்பு. முடிந்ததும் தோற்ற தரப்பிலிருந்து பலர் ஜெயித்த தரப்பில் சேர்ந்து, சுட்டவனுக்குப் பக்கத்திலேயே படுக்கையைப் போட்டார்கள்.

மறு வருடம் லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம். ஜெர்மன் தளபதி ரோமலின் படை சுற்றி வளைத்த கோட்டைக்குள் மூவாயிரத்துச் சொச்சம் சுதந்திர பிரெஞ்சுப் படையினர், அதில் லீஜனும். பெண் என்று அங்கே இருந்தவர் சூசன் டிராவர்ஸ், ஆங்கிலேயர், ஜெனரல் கேனிக்கின் டிரைவர். டிரைவர் என்பது முழு விவரம் அல்ல. ஜெனரலுக்கு வீட்டில் மனைவி இருந்தாள். 1942 ஜூன் 10 ராத்திரி முற்றுகையை உடைத்து வெளியேறத் தீர்மானித்தார்கள். கண்ணிவெடி வயல், இருட்டு, சுற்றிலும் துப்பாக்கி வெளிச்சம். முன்னால் போன வண்டிகள் தடுமாறி நிற்க, கேனிக் "முந்திப் போ" என்றார். சூசன் மிதித்தார் ஒரு மிதி. ஜெர்மன் முகாமைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், விடிந்ததும் இறங்கி எண்ணிப் பார்த்தால் காரில் பதினோரு குண்டு ஓட்டை.

ஜெனரல் அப்புறம் மனைவியிடம் திரும்பினார். சூசன் திரும்பவில்லை. 1945-ல் லீஜனில் முறைப்படி சேர மனுப் போட்டார். படிவத்தில் ஆணா பெண்ணா என்ற இடத்தை நிரப்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு ஆளைத் தெரியும். போட்டுவிட்டார். லீஜனில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்த ஒரே பெண் அவர். சீருடையை அவரே தைத்துக்கொண்டார். பெண்ணுக்குச் சீருடை அளவு அரசாங்கத்திடம் இல்லை.

இந்தோசீனாவில் தியன் பியன் ஃபூ வரை போய்ச் செத்ததை இந்தச் சிரிப்போடு சேர்க்க மனம் வரவில்லை. அங்கே தோற்ற கசப்போடு திரும்பியவர்கள், அல்ஜீரியாவையும் விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தார்கள். 1961 ஏப்ரலில் நாலு ஜெனரல்கள் அதிபர் தெகோலுக்கு எதிராகக் கலகம் செய்தபோது, லீஜனின் முதல் பாராசூட் ரெஜிமெண்ட் ஒரே ராத்திரியில் அல்ஜியர்ஸ் நகரத்தைப் பிடித்துக் கொடுத்தது. நாலே நாளில் கலகம் புஸ்வாணம். ரெஜிமெண்டைக் கலைத்து ஆணை போட்டார்கள், ஏப்ரல் 30 அன்று. மரக்கை ஊர்வலம் போக வேண்டிய நாளில். தெகோலுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று யார் சொன்னது? சிப்பாய்கள் தங்கள் முகாமை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, எடித் பியாஃப் பாடிய, எதற்கும் வருந்தவில்லை என்ற பாட்டை லாரியில் நின்று பாடிக்கொண்டே போனார்கள்.

லீஜனையே மூடிவிடலாமா என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. மூடவில்லை. 1962-ல் சிதி பெல் அபேஸைக் காலி செய்துகொண்டு, மார்செய் பக்கத்தில் ஒபான் ஊருக்கு வந்தார்கள். நினைவுச் சின்னத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். மரக்கையை எடுத்துக்கொண்டார்கள். கல்லறையிலிருந்து ஒரு ஜெனரலையும், ஒரு டென்மார்க் இளவரசரையும், கடைசியாகச் செத்த ஒரு சாதாரணச் சிப்பாயையும் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். எந்தப் படை பிரான்ஸ் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று 1831-ல் சட்டம் போட்டார்களோ, அந்தப் படை செத்தவர்களையும் கூட்டிக்கொண்டு பிரான்சிலேயே குடியேறிவிட்டது. புயிலூபியேவில் வயதான லீஜன்காரர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. திராட்சை பயிரிட்டு ஒயின் விற்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புதுச்சேரியில் 'சொல்தா' வீடு என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் வீடு. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், போனது வழக்கமான பிரெஞ்சு ராணுவத்துக்கு. லீஜன் வேறு. நமக்கும் லீஜனுக்கும் உள்ள உறவு ஆகாய மார்க்கமானது. பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்தை 1973-லிருந்து காத்துவருவது லீஜனின் ஒரு ரெஜிமெண்ட். பெங்களூரில் மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்த நம் ஆப்பிள் செயற்கைக்கோள் 1981-ல் அங்கிருந்துதான் மேலே போனது. காட்டுக்குள் நின்று காவல் காத்தவன் எந்த நாட்டுக்காரனோ.

இப்போது சுமார் 9,000 பேர், 140-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள். வயது பதினேழரையிலிருந்து முப்பத்தொன்பதரை. முதல் ஒப்பந்தம் ஐந்து வருடம். கொலை செய்துவிட்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் பழைய கதை, இன்டர்போலில் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். வேறு பெயரில் சேரும் வழக்கம் மட்டும் இன்னும் உண்டு. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அணிவகுப்பில் மற்றவர்கள் நிமிடத்துக்கு 120 அடி வைத்துப் போக, இவர்கள் 88 அடிதான். அதனால் நடந்து போகிறவர்களில் எப்போதும் கடைசியில் வருவார்கள். முன்வரிசையில் தாடி வளர்த்து, தோல் ஏப்ரன் கட்டி, தோளில் கோடாலி வைத்த ஆட்கள். தொலைக்கப் பார்த்த அரசின் தலைவர் மேடையில் எழுந்து நின்று சல்யூட் வைப்பார். கூட்டம் இவர்களுக்குத்தான் அதிகம் கைதட்டும்.

கைதட்டுவதோடு நிற்காத பிரெஞ்சுக்காரர்களும் இருக்கிறார்கள். அதிகாரியாக அல்லாமல் சாதாரணச் சிப்பாயாக லீஜனில் சேர அவர்களுக்கு ஆசை. ஆனால் இது அந்நியர் படை. ஆகவே சொந்த நாட்டுக்காரன், சொந்த நாட்டு ராணுவத்தில் சேர, தான் வெளிநாட்டுக்காரன் என்று பொய் சொல்ல வேண்டும். பிரெஞ்சு தவிர வேறு பாஷை வராது என்பதால் பலர் பெல்ஜியர் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஐந்து வருடமும் அணிவகுப்பில் நின்று, தனக்குப் பண்டம் கிடையாது, தான் சோம்பேறி என்று தானே உரக்கப் பாட வேண்டியதுதான்.